புது வீட்டுக்குக் கீழே

புத்தளத்தில் கற்பிட்டி பஸ் புறப்படும்போது, என் பின் இருக்கையில் ஒரு சிறுமி கேட்டாள்.

"வாப்பா, புது ஊட்டுக்குக் கீழ ஆரு ஈக்கிறாங்க?"

அதற்குப் பிறகு நான் பத்திரிகை வாசிக்கவில்லை. அவளுடைய வாப்பாவின் காலடியில் காஸ் அடுப்பு இருந்தது. உம்மா சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்திருந்தார்.

"கீழ ஒருத்தரும் இல்ல மகள். வெறும் மண்தான்."

"அப்ப துள்ளி விளையாடலாமா?"

"விளையாடலாம்."

"ராவில, இஷாத் தொழுகைக்குப் பொறகும்?"

உம்மா சிரித்துவிட்டார். "பாவம் புள்ள. கொழும்பில மூணாம் மாடியில இவ நடந்தாலே கீழ் ஊட்டுக்காரர் கூட்டுற தும்புத்தடியால முகட்டில இடிப்பாரே!"

பிறகு குரலைத் தாழ்த்திக் கணவரிடம் சொன்னார்.

"அங்க ஒரு அறைக்குக் குடுத்த வாடகைக்கு நுரைச்சோலையில முழு ஊடும் கிணறும் கிடைச்சது சரி. ஒரு முகமும் தெரியாத ஊரில என்ன செய்யிற?"

என் பக்கத்தில் மிளகாய்க் கன்றுகளை மடியில் வைத்திருந்த பெண் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"பள்ளிக்குப் பின்னால, வாசல்ல முருங்க மரம் நிக்கிற ஊடா?"

"ஓம், அதேதான்."

"பக்கத்துத் தோட்டம் எங்கட. வேலியில ஒரு ஓட்டை ஈக்கி, அதால வந்து போங்க." சிறுமியைப் பார்த்தார். "நீ நல்லாத் துள்ளு மகள். சத்தம் கேக்காட்டித்தான் நான் வந்து பாப்பன்."

சிறுமி உம்மாவோடு ஒட்டிக்கொண்டாள்.

"தும்புத்தடியோடயா?"