தெருவில் யாரும் வணக்கம் சொல்லாத மருத்துவருக்கு

அஞ்சி வந்தவரை அமர வைத்து, நாணி நின்றவரை நிமிர வைத்து, ஆடவர் உடலின் அல்லல்களை அருவருப்பின்றி ஆராய்ந்து, கத்தியால் நோயையும் கனிந்த சொல்லால் கலக்கத்தையும் களைந்த கைராசிக்காரரே! ஆண்கள் நலச் சிறுநீரியல் பிரிவின் அச்சாணியே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அம்மையீர்! இன்று பணி நிறைவு பெறும் தங்களுக்கு, தங்களோடு உழைத்த மருத்துவரும் செவிலியரும் ஆய்வகத்தாரும் அலுவலகத்தாரும் எழுந்து நின்று, தலை தாழ்த்தி வாசித்தளிக்கும் மடல் இது.

தலை தாழ்த்தி என்று சும்மா எழுதவில்லை. நிமிர்ந்து தங்கள் முகத்தைப் பார்க்க எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

இதே அரங்கில் கண் மருத்துவர் ஓய்வு பெற்ற அன்று, பார்வை பெற்றவர்கள் மாலையும் கையுமாக வந்து வாசல் வரை வரிசையில் நின்றார்கள். குழந்தை மருத்துவர் ஓய்வு பெற்றபோது, ஒரு காலத்தில் அவர் ஊசி போட்ட பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்றோ, தாங்கள் குணமாக்கியவர்கள் உட்காரவேண்டிய நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. அவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. இந்த அரங்குக்கு வந்தால், எதற்காக வந்தார்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரிந்துவிடுமே! கடைத்தெருவில் தங்களைக் கண்டால் அவர்களுக்குத் திடீரென்று கைபேசியில் அவசர வேலை வந்துவிடும். தாங்களும் அவர்களுக்குச் சங்கடம் தராமல் எதிர்ச்சாரிக்கு மாறிப் போய்விடுவீர்கள். இத்தனை பேரைக் கரையேற்றிவிட்டு, ஒரு வணக்கமும் வாங்காமல் வீடு போய்ச் சேர்ந்த மருத்துவர் தங்களைப்போல் வேறொருவர் உண்டோ!

பொது அறுவை படித்து, அதன்மேல் சிறுநீரியல் படித்து, அதற்கும் மேலே ஆண்கள் நலத்துக்கென்று தனிப் பயிற்சி கேட்டுத் தாங்கள் நின்ற நாளில், பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாராம்.

“ஏம்மா, குழந்தைங்க பிரிவு இருக்கு, பெண்கள் பிரிவு இருக்கு. அதுல ஒண்ணை எடுத்துக்கோ. மரியாதையா இருக்கும்.”

“நோய்ல மரியாதையான நோய், மரியாதை கெட்ட நோய்னு இருக்கா சார்?” என்று கேட்டீர்களாம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டாராம். விந்துக் குழாயை மயிரிழையினும் மெல்லிய நூலால் நுண்ணோக்கியின் கீழே தைக்கப் பழகிய அந்த நாட்களில், உடன் பயின்றவர்கள் தாங்கள் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்துவார்கள். வெளியே போனதும் சிரிப்பார்கள். நோயாளிகளோ, “சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?” என்று தங்களிடமே கேட்பார்கள். வீட்டு விசேஷங்களில் உறவுக்காரர்கள் தங்களைக் ‘கிட்னி டாக்டர்’ என்று அறிமுகம் செய்துவிட்டு அவசரமாகப் பேச்சை மாற்றுவார்கள். நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கு? தங்கள் கதவில் பிரிவின் பெயரை எழுதச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் பெயின்டர் வரவில்லை என்றோம். ‘ஒன்பதாம் அறை’ என்றே சொல்லிப் பழகி, அதையும் குரலைத் தாழ்த்தியே சொன்னோம்.

இனி நாங்கள் சொல்லப்போவது ஒரு நோயாளியின் கதை. மரக்கடைக்காரர் என்றால் ஊரே அறியும். இதை எழுதச் சொன்னவரும் அவரே. தங்களிடம் நாங்கள் அனுமதி கேட்கவில்லை, கேட்டிருந்தால் தடுத்திருப்பீர்கள்.

மரக்கடைக்காரர் வாட்டசாட்டமான ஆள். அவர் ஒரு அதட்டல் போட்டால் மரம் அறுக்கும் இயந்திரமே அடங்கி ஓடும் என்று கடையாட்கள் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை நோய் முற்றி, மனைவியை நெருங்க முடியாமல் போயிற்று. முதுகு வலி என்று சொல்லிப் படுக்கையை முன்னறைச் சோபாவுக்கு மாற்றிக்கொண்டார். மனைவி ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஏதாவது பொய் சொல்லித் தப்பியிருப்பார். கேட்காததுதான் அவரை அரித்தது.

ஒரு நாள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். லிஃப்டில் தெரிந்த முகம் எதிர்ப்படுமோ என்று படியேறி வந்தார். ஒன்பதாம் அறைக் கதவைத் திறந்தால், உள்ளே ஒரு பெண்!

“சொல்லுங்க, என்ன பண்ணுது?” என்றீர்கள்.

“பல்லு... பல்லு வலிக்குதுங்க.”

தாங்கள் சிரிக்கவில்லை. “பல் டாக்டர் கீழ இருக்காரு. போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன். எப்பவும் மாடியேறினா இப்படித்தான் மூச்சு வாங்குமா?”

வாங்கும் என்றார். உட்காரச் சொன்னீர்கள். அவர் கையில் பட்டையைச் சுற்றி, அவர் முகத்தைப் பாராமல் இரத்த அழுத்தக் கருவியைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். முகம் பார்க்காத அந்த உபகாரத்தால்தான் தமக்கு வாய் திறந்தது என்கிறார் அவர். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, தாங்கள் முகம் சுளிப்பீர்கள் என்று காத்திருந்தார். தாங்களோ அவருடைய நெஞ்சைப் பற்றிப் பேசினீர்கள்.

“அந்த இடத்து ரத்தக் குழாய் இதயத்துல இருக்கறதைவிடச் சின்னது. அடைப்பு வந்தா முதல்ல அங்கதான் தெரியும். அங்க தெரிஞ்சா, இதயத்துலயும் ஆரம்பிச்சிருக்கலாம். உங்க வெட்கம் காத்திருக்கும் அண்ணா. இதயம் காத்திருக்காது.”

அந்த வாரமே இதயப் பிரிவில் அவருக்கு அடைப்பு நீக்கினார்கள். இன்னும் கொஞ்ச நாள் தாமதித்திருந்தால் கதை முடிந்திருக்கும் என்றார்கள். பிறகு தங்கள் மருந்தும் வேலை செய்தது. முதுகு வலி மாயமாய் மறைந்து, அவர் படுக்கை பழைய அறைக்குத் திரும்பியது. நெஞ்சடைப்பை மனைவி அறிவார். அதை முதலில் கண்டுபிடித்தவர் யார், எதனால் என்பதை மட்டும் மரக்கடைக்காரர் அவரிடம் சொல்லாமல் விழுங்கிவிட்டார்.

சில காலம் கழித்து அவர் மகள், தன்னோடு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றாள். பையனின் அம்மா டாக்டராம், அப்பா பூகோள ஆசிரியராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பையன் வீட்டுக்கு விருந்துக்குப் போனார்கள். மணியை அடித்தார்கள். கதவைத் திறந்தது தாங்கள்.

மரக்கடைக்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தாங்களோ முன்பின் கண்டறியாதவரைப்போல, “வாங்க, வாங்க. வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா?” என்றீர்கள். அந்தக் கணத்தில் அவருக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தம்மை உரித்துப் பார்த்த ஒருவர் எதிரில் உட்கார்ந்து எப்படிச் சோறு இறங்கும் என்றே தோன்றியது. அந்த நேரம் பார்த்து அவர் மனைவி கேட்டார்: “நீங்க எதுக்கு டாக்டரும்மா?”

“ஆம்பளைங்களுக்கு வர்ற சிறுநீர்ப் பிரச்சினை, தாம்பத்தியப் பிரச்சினை, குழந்தை இல்லாத பிரச்சினை எல்லாம் பார்க்கறேன்” என்று தாங்கள் சொல்ல, பூகோள ஆசிரியர் இருமினார். பையன் தண்ணீர்க் குவளையை நகர்த்தினான். மரக்கடைக்காரர் தட்டில் விழுந்துவிடுவதுபோல் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், “இந்தச் சம்பந்தம் வேண்டாம்” என்றார். ஏனப்பா என்று மகள் அழுதாள். வாயில் வந்ததைச் சொன்னார்.

“அந்தம்மா பார்க்கற வேலை அசிங்கமா இருக்கு. நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க?”

சொல்லி முடித்ததுமே அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால் தம் குட்டு உடையும்.

அந்தச் சொல் மகள் வழியாகத் தங்கள் மகனுக்கும், மகன் வழியாகத் தங்களுக்கும் வந்து சேர்ந்தது. “உங்க வேலையை அன்னைக்கு அப்படிப் போட்டு உடைக்கணுமாம்மா? கிட்னி டாக்டர்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே!” என்று மகன் கத்தினாராம். தங்கள் கணவரும் வாய் திறந்து தங்கள் பக்கம் பேசவில்லையாம். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் பழி தங்களை விட்டு இறங்கியிருக்கும். ‘அவர் என் பேஷண்ட்’ என்ற அந்த வாக்கியத்தைத் தாங்கள் பெற்ற பிள்ளையிடமும் சொல்லவில்லை. மகன் மாதக்கணக்கில் தங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நாட்களில் தாங்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் ஒன்பதாம் அறையில் இருந்ததை நாங்கள் பார்த்தோம். வீட்டில் என்ன என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. இதையெல்லாம் மகனே பின்னால் எங்களிடம் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு.

மரக்கடைக்காரர் மருத்துவமனைப் பக்கம் வருவதை நிறுத்தினார், மாத்திரையையும் நிறுத்தினார். மறுபடி முன்னறைச் சோபா. அப்போது எங்கள் செவிலியர் ஒருவரிடமிருந்து அவருக்குத் தொலைபேசி வந்தது. “உங்களைப் பரிசோதிக்க வேண்டிய தேதி தாண்டிடுச்சுங்க. வியாழக்கிழமை வாங்க. அன்னைக்கு வேற டாக்டர்தான் இருப்பார்.”

வந்தார். உள்ளே இருந்த இளைய மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இயல்பாகச் சொன்னார்: “மேடம் வியாழக்கிழமை எப்பவும் இங்கதான் இருப்பாங்க. உங்களுக்காகத்தான் இன்னைக்கு மாத்திக்கிட்டாங்க.”

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?”

“சொன்னாங்களே. மாத்திரையை நிறுத்தியிருப்பாரு, திட்டாம எடுத்துச் சொல்லுங்கன்னாங்க.”

மரக்கடைக்காரர் எழுந்து வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். ஏறி இறங்குகிறவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றுதான் முதல்முறையாக அவர் யாருக்காகவும் முகத்தை மறைக்கவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியை உட்கார வைத்து, சோபாவில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்த மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதுக்குத்தானா? நான் வேற எவளோ ஒருத்தி வந்துட்டான்னு நெனச்சு, உள்ளுக்குள்ளயே செத்துக்கிட்டிருந்தேன். இப்ப மறுபடி சோபாவுக்குப் போனப்பவும் அதே நெனப்புதான்” என்றார். பிறகு குரல் மாறியது. “உயிரைக் காப்பாத்தின மகராசி மேலயா பழியைத் தூக்கிப் போட்டீங்க? எந்திரிங்க. சட்டையை மாத்துங்க.”

மகளையும் கூட்டிக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தங்கள் கணவரும் மகனும் இருந்தார்கள். மரக்கடைக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே, “நான் இவங்களோட பேஷண்டுங்க. அதை மறைக்கத்தான் அப்படிப் பேசினேன்” என்றார். கடையை அதட்டும் அந்தக் குரல் கீச்சென்று வந்தது.

மகனுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. பூகோள ஆசிரியர் எழுந்து சன்னலோரம் போய் நின்றுகொண்டார். தாங்கள் பெரிய மனது பண்ணிச் சிரித்து மழுப்பவில்லை. கண்கள் சிவந்திருந்தன என்கிறார் மரக்கடைக்காரர்.

“நீங்க மறைச்சதுல எனக்கு வருத்தமே இல்லை. அது உங்க உரிமை. ஆனா என் வேலையை அசிங்கம்னு உங்க பொண்ணுகிட்ட சொன்னீங்க பாருங்க, அதை அவகிட்டதான் நீங்க வாபஸ் வாங்கணும்.”

அவர் மகள் பக்கம் திரும்பினார். “அசிங்கம் என்கிட்டதான்மா இருந்துச்சு. இவங்க வேலையில இல்ல” என்றார். தங்கள் மகன் எழுந்து வந்து தங்கள் காலடியில் தரையில் உட்கார்ந்தாராம். தாங்கள் அவர் தலையில் கை வைக்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டீர்களாம். அந்தச் சற்று நேரத்தைத் தம்மால் மறக்க முடியாது என்கிறார் மகன்.

திருமணம் நடந்தது. நாங்களும் வந்து வயிறார உண்டோம். யாருக்கும் எதுவும் தெரியாது, தாங்களும் சொல்லவில்லை.

சென்ற வாரம் மரக்கடைக்காரர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, வழியனுப்பு மடலில் தமக்கும் கையெழுத்துப் போட இடம் வேண்டும் என்றார். எழுத்தர் சிரித்துக்கொண்டே, “மடல்ல ஸ்டாஃப் மட்டும்தாங்க போடுவாங்க. நீங்க சம்பந்தி, முதல் வரிசையில உட்காருவீங்களே” என்றார்.

“சம்பந்தியா உட்கார என்னங்க தைரியம் வேணும்? நான் பேஷண்டாப் போடணும்.”

அங்கேயே நின்று இந்தக் கதை முழுவதையும் எங்களிடம் சொன்னார். தங்களுக்கு நோயாளிகள் எவரும் வரமாட்டார்கள் என்று நாங்களே முடிவு கட்டி, சிற்றுண்டியைக் குறைத்துச் சொல்லியிருந்தோம். தாங்கள் குணமாக்கியவர்கள் மறைந்ததில் நியாயமுண்டு, அவர்கள் நோயுற்றவர்கள். கூட இருந்த எங்களுக்கு என்ன வந்தது? தங்கள் துறையின் பெயரை உரக்கச் சொல்லக் கூசிய எங்கள் நாவுகள் இன்று, இந்த மேடையில், ஒலிபெருக்கியில் சொல்கின்றன: ஆண்கள் நல மருத்துவரே! ஆண்மைக் குறைவை ஆற்றியவரே! மலட்டுத்தன்மையை மாற்றியவரே! இத்தனை எளிதாக வாயில் வரும் சொற்களை இத்தனை ஆண்டுகள் அடைகாத்தோமே!

தங்கள் கண்ணொளி குன்றாதிருக்க! கைந்நடுக்கம் காணாதிருக்க! கணவரும் மகனும் மருமகளும் தங்கள் பணியின் பெயரைப் பெருமிதத்தோடு எவரிடமும் சொல்லும் வீட்டில், பிணியின்றி, பிறர் பழியின்றி, நெடிது வாழ்க! நிறைவாய் வாழ்க!

வெட்கத்தோடும் நன்றியோடும்,
மருத்துவர்கள், செவிலியர், ஆய்வகத்தார், அலுவலகத்தார்

அவர்களுக்குக் கீழே, தம் கையால்,
மரக்கடைக்காரர்
தங்கள் நோயாளி