கீழ போக ஜே, மேல போக கே

…இல்ல சார், நீங்களே சொல்லுங்க. கீழ போறதுக்கு ஜே, மேல போறதுக்கு கே. இத எந்த மகராசன் உக்காந்து யோசிச்சிருப்பான்? மேலயும் கீழயும் அம்புக்குறி போட்ட பட்டன் இதே கீபோர்டுல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு. அத அமுக்கினா அசையாதாம்… ஐயோ, நீங்க வாயத் திறக்காதீங்க. இப்பத்தான் ஊசி போட்டிருக்கு. மரத்துப் போனதும் டாக்டரே கூப்பிட்டுப் பல்ல எடுத்துடுவாரு. அதுவரைக்கும் தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்.

எல்லாம் எங்க வீட்டுக்காரரோட தம்பி பண்ண உபகாரம். இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி, கிளினிக் ஆரம்பிச்சப்ப வாங்கினது. பத்திரிகைப் பக்கம் ஒன்னத் திறந்தா போதும், விளம்பரமா வந்து குதிக்கும், அப்படியே நின்னுடும், அப்பாயின்ட்மென்ட்டெல்லாம் அதோட போச்சு. அதுக்குத்தான் இந்தச் செய்தி படிக்கிற சாஃப்ட்வேரப் போட்டுக் குடுத்தாரு. "அண்ணி, எல்லாப் பேப்பர் செய்தியும் ஒரே இடத்துல வந்து விழும். வெறும் எழுத்துதான், படம் கிடையாது, மௌஸே தேவையில்ல"ன்னாரு. ஆமா, மௌஸ் தேவையில்ல. பத்து விரல்தான் பத்தல.

பாருங்க, கறுப்புத் திரையில பச்சை எழுத்து. நேத்து ஒரு அம்மா எட்டிப் பாத்துட்டு, "இது என் எக்ஸ்ரேவா"ன்னு கேக்குறாங்க. என் நேரம்.

'என்'ங்கிற எழுத்த அடிச்சா அடுத்த செய்தி. ஸ்பேஸ் அடிச்சா அடுத்த பக்கம். க்யூ… அது பக்கமே போகக் கூடாது. போகட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்க வேணாமா? கேக்காது. எங்க மாமியார் போன வைக்கிற மாதிரி பட்டுனு மூடிட்டுப் போயிடும். இதுல சின்ன ஏ வேற, பெரிய ஏ வேற. சின்ன ஏ அடிச்சா இந்தச் செய்தியப் படிச்சாச்சுன்னு அர்த்தம். பெரிய ஏ அடிச்சா, உலகத்துச் செய்தி மொத்தமும் படிச்சாச்சுன்னு அர்த்தம். ஒருநாள் கேப்ஸ் லாக் விழுந்து கெடந்தது தெரியாம ஒரே அமுக்கு. உக்காந்த இடத்துலயே பெரிய ஞானி ஆயிட்டேன்.

அப்புறம் செட்டிங்ஸ்னு ஒன்னு. அதுல பட்டனெல்லாம் கிடையாது, வரி வரியா நாமளே எழுதிக்கணுமாம். எழுத்தோட நிறத்த மாத்தப் போனேன், கறுப்புல கறுப்பாயிடுச்சு. செய்தி இருக்கா இல்லையான்னே தெரியாம அரைநாள் படிச்சேன்.

இதக்கூடப் பொறுத்துக்கலாம் சார். என் தம்பியோட செய்தி வரமாட்டேங்குது. அதான் என்னால தாங்க முடியல.

அவன் நிருபரு. எங்க வெள்ளமோ, எங்க கலவரமோ, அங்க போய் நிப்பான். தினம் அவன் பேரு போட்டு ஒன்னாவது வந்துடும். நான் வந்ததும் முதல்ல அதத்தான் தேடுவேன். என்ன எழுதியிருக்கான்னு பாக்க இல்ல… பேரு இருந்தா ஆளு நல்லா இருக்கான்னு அர்த்தம். இப்பக் கொஞ்ச நாளா ஒன்னுமே இல்ல. ஜே அடிக்கிறேன், கே அடிக்கிறேன், இல்லவே இல்ல. வேலைய விட்டு எடுத்துட்டாங்களா, எங்கயாவது மாட்டிக்கிட்டானா… சோறு எறங்கல சார்.

போன் பண்ணலாம்தான். பண்ண விட்டானா? பல்வலின்னு இங்க வந்துட்டுப் போயி, கடைசியா பேப்பர்ல என்ன எழுதினான் தெரியுமா? 'பல்வலியை விடக் கொடியது காத்திருப்பு அறை.' அதுல, "வரவேற்பில் இருந்த பெண்மணி கணினியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை"ன்னு ஒரு வரி. கூடப் பொறந்தவள, சார். டாக்டர் அத வெட்டி என் மேசையிலயே ஒட்டிட்டாரு. போன்ல வாய்க்கு வந்தபடி திட்டிட்டு வெச்சவதான், அதோட பேச்சே இல்ல. மூத்தவ நான், அவன்தானே வந்து பேசணும்? நான் என்ன தலைய நிமிர்த்தாமலா… கிளினிக் போன் அடிக்குதா? அடிக்கட்டும், அதுவா நின்னுடும்.

என்ன சார் எழுந்துட்டீங்க? கீபோர்டா? இது உங்களுக்குத் தெரியுமா? தலைய ஆட்டுறதப் பாரு… இத முதல்லயே ஆட்டியிருக்கலாம்ல. சரி, பாருங்க. அந்த க்யூவ மட்டும்… எதுக்கு செட்டிங்ஸுக்குள்ள போறீங்க? கீழ… இன்னும் கீழ… எங்க விரல வைக்கிறீங்க?

"இவர் எழுதிய எதையும் காட்டாதே"ன்னு ஒரு வரி. பக்கத்துல என் தம்பி பேரு.

எவன் பாத்த வேலை இது? என் கொழுந்தனாத்தான்… இல்லையே. அதுக்கு மேல குறிப்பு வேற எழுதியிருக்கு, 'தடிமாடு'ன்னு. அவன அப்படிக் கூப்பிடுற ஆளு உலகத்துலயே ஒருத்திதான் இருக்கா.

…அன்னிக்கு இருந்த கோவத்துல, அவன் பேரே என் கண்ணுல படக்கூடாதுன்னு… அழிச்சிடுங்க சார். அந்த வரிய அழிச்சிடுங்க.

அடேயப்பா, வந்துக்கிட்டே இருக்கே. இது போன வாரம். இது நேத்து. இது இன்னிக்குக் காலையில போட்டது… நல்லா இருக்கான் சார். அவன் பாட்டுக்கு எழுதிக்கிட்டுதான் இருக்கான். ஒன்னுமில்ல, இந்தக் கறுப்புத் திரையப் பாத்துப் பாத்துக் கண்ணுல தண்ணி வருது, அவ்வளவுதான்.

டாக்டர் கூப்பிடுறாரு, நீங்க உள்ள போங்க. நான் ஒரு போன் பேசிக்கிறேன்.

ஹலோ… நான்தான்டா, அக்கா… சும்மாதான் பண்ணேன்… என்னது, உன் செய்தியா? நல்லாக் கேட்டே போ. தினம் படிக்கிறேன்டா. ஒன்னு விடாம.