நிறம் விட்ட ஓபல்

காளியாயி: கல்லு இன்னும் வெளுத்துத்தான் கெடக்கா, பிரியந்தி?

பிரியந்தி: ஆமா மாமி. நேத்தைய விட மோசம். பாருங்க மோதிரத்தை.

காளியாயி: ம்... கஞ்சித் தண்ணியாட்டம் இருக்கு. எம்மகன் நிரோஷன் கத்தார்ல இருந்து கொண்டாந்தப்ப, திருப்புன பக்கமெல்லாம் பச்சையும் செவப்புமா நெருப்பு ஓடுச்சே.

பிரியந்தி: ஓபல் கல்லுன்னா அப்படித்தானாம்.

காளியாயி: ஹட்டன் நகைக்கடை மீராசாஹிப் பாய் என்னா சொன்னாருன்ன?

பிரியந்தி: எத்தன தரம் மாமி... குடுத்தவங்க ஒடம்புக்கு ஆகலைன்னா கல்லு நெறம் விட்டுருமாம். அந்தக் காலத்துச் சனங்க அப்படி நம்புனாங்களாம்.

காளியாயி: அவ்வளவுதானா?

பிரியந்தி: ...அவ்வளவுதான். தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

காளியாயி: குடிக்கிறேன். மேட்டு மலையில தேயிலைக் கொழுந்தெடுத்து முட்டியே கழண்டு போச்சு. நீயும் நின்னுகிட்டே தூங்குற. அவன் எப்ப கூப்புடுவான்?

பிரியந்தி: இப்பக் கூப்புடுற நேரந்தான். இன்னும் ரெண்டு வருசம் அங்கேயே இருக்க, நாளைக்குக் கையெழுத்து வைக்கணுமாம்.

காளியாயி: வந்துருங்கன்னு நீ சொல்லலியா?

பிரியந்தி: சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. சின்னவ பெத்த அப்பாவைப் 'போன் மாமா'ங்குறா. அதையும் சொன்னேன்... சிரிக்கிறாரு.

காளியாயி: சிரிப்பான்.

பிரியந்தி: நீங்க சொன்னா கேப்பாரு, மாமி. சகுனம்னா அவருக்குப் பயம். கல்லைப் போன்ல காட்டி...

காளியாயி: அழுகணுமா?

பிரியந்தி: வேணாம். கொரல் கொஞ்சம் தழுதழுத்தாப் போதும்.

காளியாயி: நல்லாத்தான் பழக்குற.

பிரியந்தி: மாமி, போன் அடிக்குது... இருங்க, எடுக்காதீங்க.

காளியாயி: ஏன்?

பிரியந்தி: உங்களை ஏமாத்திப் பேச வைக்க மனசு வரல. பாய் இன்னொண்ணும் சொன்னாரு. இந்தக் கல்லு தண்ணி குடிக்குமாம். நனைஞ்சா நெறம் போயிருமாம்... நாலஞ்சு நாள் காஞ்சா தன்னால திரும்பிருமாம். நான்தான் தெனம் ராத்திரி கோப்பைத் தண்ணியில...

காளியாயி: தெரியும்டி. ஹட்டனுக்குக் கண்ணு காட்டப் போறேன்னு போனேன்ல, அன்னைக்கே பாய்கிட்டக் கேட்டுட்டேன். நேத்து நீ தண்ணியில போடாமயே அசந்து தூங்கிட்ட... எடுத்துப் போட்டது நான்தான். சரி, போனைக் குடு.