இடது குழலின் தடிமன்

எனக்குத் தராசு பிடிக்கும். அது யாரையும் பார்த்துச் சிரிக்காது.

கொட்டச்சேடு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலைக்குச் சேர்ந்தபோது எடைக் கொட்டகையை எனக்குக் கொடுத்தார்கள். பறித்து வரும் காபிப் பழத்தை நிறுத்து எழுத வேண்டும். அதிகம் பேச வேண்டியதில்லை. பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு இந்த வேலையா என்று அம்மா வருத்தப்பட்டார். எனக்கு வருத்தம் இல்லை. கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது, மேடம். நேற்று ஸ்டேஷனில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டியது அதனால்தான். எழுதச் சொன்னது நல்லதாயிற்று.

துப்பாக்கி முதலாளி தனபாலுடையது. இங்கிலாந்தில் செய்த இரட்டைக் குழல். நூறு வயதை நெருங்கியிருக்கும். அதன் பெருமையே அதன் எடைதான். விருந்தாளிகள் வந்தால் கொட்டகைக்குக் கொண்டுவந்து தராசில் வைப்பார். இரண்டு கிலோ எண்ணூற்று அறுபது கிராம். "மூணு கிலோகூட இல்லைங்க. இந்தப் புள்ளகூடத் தூக்கிரும் பாருங்க" என்று என் கையில் கொடுப்பார். அவர்கள் சிரிப்பார்கள். நான் தூக்கிக் காட்டுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் குழலின் உள்பக்கம் துரு அரித்துக் குழி குழியாகிவிட்டது. சேலத்தில் ஒருவரிடம் கொடுத்து உள்ளே தேய்த்து வாங்கி வந்தார். பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னியது. மறுபடி தராசில் வைத்தார். நூற்றுப்பத்து கிராம் குறைந்திருந்தது.

"கெழவி இன்னும் எளைச்சுட்டா" என்றார் சந்தோஷமாக.

இரும்பு தானாக இளைக்காது. நூற்றுப்பத்து கிராமும் குழல்களின் உள்சுவரிலிருந்து போனது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவதும் என் பொறுப்பு. குழல் வாயில் தடிமனை அளப்பது சுலபம். ஆபத்து நடுவில்தான், அங்கே சாதாரண அளவுகோல் எட்டாது. நீளமான கம்பியை வளைத்து நானே ஓர் அளவி செய்துகொண்டேன். வலது குழல் பரவாயில்லை. இடது குழலில், சுடுபவரின் இடது கை தாங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், தடிமன் நாற்பத்தைந்து. மில்லிமீட்டரில் நூற்றில் நாற்பத்தைந்து பங்கு. நல்ல கல்யாணப் பத்திரிகை அட்டை அவ்வளவு இருக்கும்.

இதை ஒரு தாளில் எழுதி, இனி சுட வேண்டாம் என்றும் சேர்த்து, முதலாளி மேசையில் வைத்தேன். நேரில் சொல்ல வரவில்லை.

அவர் அதைச் சம்பள நாளில், ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, என் குரலில் படித்தார். என் குரல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "ஏம் புள்ள கவிப்பிரியா, துப்பாக்கிக்கே டாக்டர் சீட்டு எழுதறயா? காச்சல் எத்தனை டிகிரின்னு போடவே இல்லியே" என்றார். முப்பத்து நான்கு பேர் சிரித்தார்கள். எண்ணுவது என் பழக்கம்.

காவல்காரர் வேடியப்பனும் சிரித்தார். சாயங்காலம் பஸ் வரத் தாமதமானால் அவர்தான் எனக்குத் துணைக்கு நிற்பார். அன்றும் நின்றார். "மனசுல வெச்சுக்காத கண்ணு. மொதலாளி சிரிக்கறப்ப நாம சிரிக்காம நின்னா நல்லாவா இருக்கும்?" என்றார். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நோட்டில் எழுதி வைத்தேன்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. பழம் எடுக்கும் முதல் நாள், முதல் பழத்தில் கை வைக்கும் முன், சேர்வராயன் மலையைப் பார்த்து முதலாளி இந்தத் துப்பாக்கியால் வானத்தில் இரண்டு வெடி வைப்பார். காட்டெருமை விலகும், சாமிக்கும் தகவல் போகும் என்பார்கள். தோட்டா எடுத்து வைப்பது நான். பச்சைப் பெட்டியில் இருப்பவை இந்தத் துப்பாக்கிக்கு உரிய இலேசானவை. சிவப்புப் பெட்டி, முதலாளியின் புதுத் துப்பாக்கிக்கு உரியது; அவற்றில் மருந்தும் அழுத்தமும் அதிகம். இந்த வருடம் சிவப்பிலிருந்து இரண்டு எடுத்துத் தட்டில் வைத்தேன். இரண்டு வருடம் காத்திருந்ததைக் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். ஓர் அளவு சரியா தப்பா என்று சோதித்தால்தானே தெரியும்?

சூடம் காட்டி முடித்ததும் முதலாளி துப்பாக்கியில் தோட்டாக்களைப் போட்டு மூடினார். பிறகு வேடியப்பனிடம் நீட்டினார். "எங்கூட்டு மருமவ முழுகாம இருக்கா. நான் வெடி வெக்கக் கூடாது. இந்த வருசம் நீ வையி."

"எனக்குங்களா?" என்று வேடியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. பறிக்கிற பெண்களில் பாவாயி, "ஏனுங்க மாமா, எங்க மேல உட்றாதீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவருக்கும் எனக்கும் நடுவே பத்தடி. நிறுத்த வேண்டுமானால் அத்தனை பேர் முன்னால் வாய் திறக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். எனக்கு வராது என்று உங்களுக்கு முதலிலேயே எழுதிவிட்டேன். தவிர, சிரித்த முப்பத்து நான்கு பேரில் அவரும் ஒருவர்.

பாவாயி சொல்லியிருப்பாள், நான் மறைக்கவில்லை. நான் பேசினேன். "எல்லாரும் பின்னால தள்ளி நில்லுங்க. காதைப் பொத்திக்குங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். எல்லோரும் நகர்ந்தார்கள்.

முதல் வெடி வலது குழல். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் சத்தம் வேறு மாதிரி இருந்தது. வேடியப்பன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து தன் இடது கையைப் பார்த்தார். பார்க்க அங்கே அதிகம் இல்லை. கழுத்திலும் ஒரு துண்டு பாய்ந்திருந்தது.

முதலாளி ஜீப் சாவி கேட்டுக் கத்தினார். சாவி கொட்டகை ஆணியில் இருக்கும். நான் ஓடினேன். வழியில், சவுக்கு மரத்தடியில், குழலிலிருந்து பிய்ந்த தகடு ஒன்று கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

சாவியை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டு, தகட்டைத் துடைத்து, கிழியாத ஓரத்தில் அளந்தேன். நாற்பத்தாறு. ஒரு தடவை அளந்ததை நம்பக் கூடாது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு இடத்தில் அளந்தேன். நோட்டில் எழுதினேன். வெளியே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அத்தனை பேர் ஒன்றாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சேலத்துக்கு மலை இறங்கும் வழியில், பதினேழாவது வளைவு தாண்டும்போது வேடியப்பனின் மூச்சு நின்றதாகச் சொன்னார்கள். பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம்.

தகடு என் மேசை இழுப்பறையில், நோட்டுக்கு அடியில் இருக்கிறது. நீங்களே அளந்து பாருங்கள், மேடம். நூற்றில் ஒரு பங்குதான் என் பிழை.