கப்பலின் அடித்தளத்தில் பிடித்த சேலைகள்

அவைக்குத் தலைமை தாங்கும் ஐயா பக்தவத்சலம் அவர்களே, அபர்டீன் பஜாரில் கடையடைத்து வந்த பெரியோர்களே, சௌல்தாரி வயலிலிருந்து ஈரக்காலோடு வந்த தாய்மார்களே, தோழர்களே, வணக்கம்!

நாம் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்த கதையைக் கேட்டு எழுத மதராசிலிருந்து வந்தார் ஆய்வாளர் சந்திரமதி. அவர் எழுதியதைப் படங்களாகத் தீட்டினார் கடைப்பலகை ஓவியர் நாகூர் கனி. இருவருக்கும் முதல் நன்றி. நம்மைத் தலை எண்ணியவர்கள் ஏராளம். எப்படி வந்தீர்கள் என்று கேட்டவர் யார்?

இதோ, ஒரு படம் மட்டும் துணி மூடியிருக்கிறது. ஏன்? சொல்கிறேன்.

இன்று நம் டாலிகஞ்சில் குடியிருக்கும் அன்னம்மாள் நிறைமாதத்தில் கப்பலேறினார். அடித்தளத்தில் பங்க் வகுப்பு, அடுக்குப் பலகைப் படுக்கை. புயல், வாந்தி, வலி. மேலே கேபின்கள் காலி. கதவு திறந்ததா? திறக்கவில்லை! கீழே துணிமூட்டைகள் திறந்தன. பெண்கள் சேலைகளை விரித்து, சுற்றி நின்று, சுவராகப் பிடித்தார்கள். "பட்டுக்கோ, பட்டுக்கோ!" என்று, பிடித்துக்கொள் என்பதைத் தன் மொழியில் கத்தினார் தெலுங்குத் தாய் ஒருவர். கப்பல் சாய்ந்தது, அவர்கள் சாய்ந்தார்கள், சேலை சாயவில்லை! உடன் வந்த ரம்ஜான் பீவி பிரசவம் பார்க்க, அவர் கையில் பிறந்தாள் நீலாவதி.

கனி முதலில் எல்லாவற்றையும் பட்டுச் சேலையாகவே தீட்டிவிட்டார். அன்னம்மாள் பார்த்தார்: "ஏன் தம்பி, வாந்தியெடுக்கப் பட்டு கட்டிக்கிட்டா வந்தோம்? கிழிசலைப் போடுப்பா!" சிரியுங்கள், முன்வரிசையில் அவரும் சிரிக்கிறார்.

கிழிசலைப் போட்டார். நேற்று நம் அவைத் தலைவர் என்னிடம் சொன்னார்: "நீலாவதிப் பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கு. மாப்பிள்ளை வீட்டார் வர்றாங்க. அம்மா தரையில கிடக்கிறதைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? கழட்டிடு தம்பி."

நான் கழற்றவில்லை, துணி போட்டு மூடி வைத்தேன். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள், ஐயா. ஆனாலும் கேட்கிறேன்: வெட்கப்பட வேண்டியவர் கீழே கிடந்த தாயா? மேலே கதவைச் சாத்தியவனா? "அப்படிக் கேளு" என்கிறீர்களா பின்னால்? கேட்கத்தானே ஏறியிருக்கிறேன்!

கல்யாணம் நீலாவதிக்கு. அவரிடமே போனேன். "அண்ணே, நான் பொறந்த இடத்தைப் பார்த்துட்டு வேணாம்னு போறவங்க, தாலிக்கு முன்னாலேயே போகட்டும். படம் இருக்கட்டும்" என்றார். அன்னம்மாள் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் வரிசையில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டாரே, உங்களுக்கும் வணக்கம். நன்றாகப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவர் எத்தனை பேர் காத்த பெண் என்று தெரியும்.

ரம்ஜான் பீவிக்கு நன்றி. பெயர்கூடத் தெரியாத அந்தக் கைகளுக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்.

நீலாவதி, மேடைக்கு வாம்மா. துணியை நீயே எடு.