பிங்கியை வளர்க்கும் முறை

கோடை வந்துவிட்டதே என்று பொமரேனியனுக்கு முடி வெட்டக் கூடாது, ஐயா. வெயிலைத் தடுப்பதே அந்த முடிதான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போன பிறகு பிங்கியை வளர்க்கப்போகிறவர்களுக்கு உதவும்.

இருபத்திரண்டு வருஷம் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவன் நான். இப்போது கோயமுத்தூரில் பங்களாவுக்கு ஒரு பொமரேனியன். வாங்குகிறவர்களுக்கு அந்த ஜாதியைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. பனி நாட்டில் வண்டி இழுத்த நாய்களின் வாரிசு அது. ஐரோப்பாவில் ராணி ஒருத்தி குட்டை நாய்க்கு ஆசைப்பட்டாள், பெரியது சின்னதாகிவிட்டது. உடம்புதான் சின்னது, குணம் இன்னும் காவல் நாயின் குணம். பழகியவரைக் கண்டால் வாலாட்டும். அந்நியன் வந்து நின்றால், அவன் போகும்வரை வாயை மூடாது.

பிங்கியை முதலில் வளர்த்த பங்காரம்மா பீளமேட்டில் தனியாக இருந்தார். மில் முதலாளியின் மனைவி, கணவர் காலமாகிவிட்டார், மகன் சுந்தரராஜுலு அமெரிக்காவில். வேலைக்காரி தெய்வாத்தாள் மத்தியானம்தான் வருவாள். நான் தினமும் காலை ஏழு மணிக்குப் போய்ப் பிங்கிக்கு முடி சீவிவிடுவேன். அந்தம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. "ரங்கராஜு, நாய்க்கு ஊசி போடற கை எனக்குப் போடாதுங்களா?" என்று ஒருநாள் கையை நீட்டினார். அன்றிலிருந்து அவருடைய இன்சுலினும் என் பொறுப்பு. தங்கமான மனுஷி, குறை சொல்ல மாட்டேன்.

சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள, கட்டிலருகே ஒரு மைசூர்பாகு டப்பா வைத்திருந்தார். அதிலிருந்துதான் பிங்கிக்கும் ஊட்டுவார். பல் சொத்தை, மூச்சிரைப்பு, ஏழு கிலோ எடை. இப்படியே போனால் ஒரு வருஷம் தாங்காது என்று மூன்று முறை சொன்னேன்.

"ஒரே ஒரு துண்டுதானுங்க. அது மூஞ்சியப் பாத்துட்டு எப்படிக் குடுக்காம இருக்கறது?"

"அப்படின்னா எங்கிட்டக் குடுத்துருங்கம்மா. நான் வளத்தறேன்."

"எம் புள்ளையவே கேக்கறீங்களே," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் பிங்கி மொட்டையாக நிற்கிறது. வெயில் தாங்காது என்று யாரையோ கூப்பிட்டு ஒட்ட வழித்துவிட்டிருக்கிறார். தோலெல்லாம் சிவந்து கிடந்தது. அந்தம்மாவின் இன்சுலின் ஊசியை எடுத்தேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். டப்பாவை என் பைக்குள் வைத்துக்கொண்டேன். நாயின் நன்மைக்குத்தான்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "கண்ணு, அந்த டப்பாவ எடுங்க," என்று கட்டிலருகே தடவினார். நான் பிங்கியின் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அதைப் பாதியில் விடக் கூடாது. பிங்கி அவரைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் கேட்டுவிடும் என்று அதன் வாயைப் பொத்தி மடியில் வைத்துக்கொண்டேன். பதினோரு மணிக்கு அவர் மூச்சு நின்றது. அதுவரை எங்கும் போகாமல் கூடவேதான் இருந்தேன்.

காரியம் முடிந்ததும் மகனே பிங்கியை என் கையில் கொடுத்தார். "நீங்க வெச்சிருந்தாத்தானுங்க அம்மாவுக்கு நிம்மதி," என்றார்.

சீப்பு, பவுடர் எல்லாம் இப்போது அந்த டப்பாவில்தான் இருக்கின்றன. போன வாரம் பிங்கியைப் பார்க்க வந்த தெய்வாத்தாள், "ஏனுங்க, இது அம்மாவோட டப்பாதானுங்களே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள்தான் உங்களிடம் வந்திருப்பாள்.

நான்தான் கொன்றேன், ஐயா. அதை எழுதிவிட்டு இதையும் எழுதுங்கள். எடை ஐந்தரைக்கு இறங்கிவிட்டது. முடி நன்றாக வளர்கிறது. ஒரே குறை, விடிந்ததிலிருந்து குரைக்கிறது. சீப்போடு நான் பக்கத்தில் போனால் இன்னும் பலமாகக் குரைக்கிறது. யாரோ அந்நியன் வந்து நிற்கிறான் போலிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறேன். என் பின்னால் யாருமே இல்லை.