தோளில் வந்த கிளி

டாக்டர்: ...அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா. முதல்ல அந்த டப்பாவை மேசைமேல வைங்க. ஷூ டப்பாவா?

மனைவி: ஆமா. எம்பொண்ணு பஞ்சு வச்சுக் குடுத்தா.

கணவன்: செத்தது செத்துப்போச்சு டாக்டர். புதைச்சுடலாம்னு சொன்னேன். இவ கேட்டாத்தானே!

மனைவி: கிளி எப்படிச் செத்துச்சுன்னு தெரியணும். வீட்டுக்குப் போய் பொண்ணுகிட்ட சொல்லணும்.

டாக்டர்: அட... நம்ம சின்னவரா இது?

மனைவி: சின்னவரேதான்.

டாக்டர்: போன தடவை என் கண்ணாடியைப் பிடுங்கி எறிஞ்ச பய... என்ன ஆச்சு சார்?

கணவன்: ஞாயித்துக்கிழமை. இவளும் பொண்ணும் காலையிலயே இவ அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் தூங்கிட்டிருந்தேன். எழுந்து பார்த்தா பால்கனிக் கதவு திறந்து கிடக்குது. மூணாவது மாடி... எட்டிப் பார்த்தா, கீழ.

டாக்டர்: கதவை யாரு திறந்து வச்சது?

கணவன்: பொண்ணுதான். செடிக்குத் தண்ணி ஊத்துவா. மறந்திருப்பா. சின்னப்புள்ளதானே... நான் ஒரு வார்த்தை திட்டலை.

மனைவி: திட்டலை. "மூடினேன்ப்பா"ன்னு சொன்னா. "நல்லா யோசிச்சுப் பாரு"ன்னு மூணு தடவை கேட்டீங்க. இப்ப அவளே "ஆமாம்மா, திறந்துதான் வச்சேன்"ங்கறா. ரெண்டு நாளா ஒரு வாய் சாப்பிடலை டாக்டர். நான்தான் கொன்னுட்டேன்னு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கா.

கணவன்: அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

மனைவி: நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலையே.

டாக்டர்: சரி சரி... பறந்துடாம இருக்க இறக்கையில இறகு வெட்டியிருந்துச்சா? அட்டையில பார்த்தா, நான் வெட்டி எட்டு மாசம் ஆகுது.

கணவன்: நானே வெட்டினேன். போன மாசம். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே.

மனைவி: அதைத்தான் நானும் கேக்கறேன். வெட்டின கிளி எப்படிப் பால்கனிக் கம்பியைத் தாண்டிப் போகும்?

டாக்டர்: போகும்மா. வெட்டிட்டா பறக்காதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க. வீட்டுக்குள்ள சரி. வெளியில காத்து ஒரு தள்ளு தள்ளினா போதும், காகிதம் மாதிரி தூக்கிட்டுப் போயிடும்.

கணவன்: பார்த்தியா? நான் சொன்னா நம்ப மாட்டே.

டாக்டர்: ஆனா சார், வெட்டின கிளி கீழ வர்றப்ப கல்லு மாதிரி வரும். வேகத்தைக் குறைக்க இறகு இல்ல பாருங்க. நெஞ்சுதான் முதல்ல தரையில அடிக்கும். இங்க தொட்டுப் பாருங்கம்மா. நடுவுல கத்தி முனை மாதிரி ஓர் எலும்பு... தெரியுதா?

மனைவி: ம்... தெரியுது.

டாக்டர்: மூணு மாடியிலேர்ந்து விழுந்தா அது பிளந்திருக்கணும். இங்க முழுசா இருக்கு.

மனைவி: அப்படின்னா?

டாக்டர்: தலையைப் பாருங்க. அலகு நுனி உடைஞ்சிருக்கு. உள்ள ரத்தம் கட்டியிருக்கு. விழுந்த அடி இல்ல இது, மோதின அடி. நல்ல வேகத்துல நேரா பறந்துபோய் இடிச்சிருக்கு. கண்ணாடியாத்தான் இருக்கணும். பெரிய ஜன்னல்ல வானம் அப்படியே தெரியும் இல்லையா? கிளிக்கு அது வழி.

கணவன்: எதிர் கட்டடத்துல கண்ணாடி இருக்கு டாக்டர்... காத்து தூக்கிட்டுப் போய்...

டாக்டர்: காத்து தூக்கினா இந்த வேகம் வராது சார். இது சொந்த பலம். இறக்கையை விரிச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும்.

கணவன்: எதுக்கு டாக்டர்... பாவம், போதும்.

டாக்டர்: ஒரே நிமிஷம். வெட்டின இறகு நிரந்தரமா அப்படியே இருக்காது. பழசு உதிரும், புதுசு வரும். அதனாலதான் மாசாமாசம் பார்க்கச் சொல்றது. இந்தா... வெட்டியிருக்கு. அட, இதுல ரெண்டு இளசு! முழுசா முளைக்காதது. தண்டு கறுப்பா இருக்கு பாருங்கம்மா. வளர்ற வரைக்கும் இதுக்குள்ள ரத்தம் ஓடும். தெரியாம வெட்டிட்டா குழாயைத் திறந்த மாதிரி கொட்டும், நிறுத்த முடியாது. சுத்தி எல்லா இறகுலயும் கறை இருக்கும். ஆனா இங்க ஒரு பொட்டுகூட...

மனைவி: ஏன் டாக்டர் நிறுத்திட்டீங்க?

டாக்டர்: இல்லம்மா... நான் பாட்டுக்குப் பேசிட்டே போறேன்... வெளியில வேற ஆளுங்க காத்திருக்காங்க.

மனைவி: ஒரு பொட்டுகூட ரத்தம் இல்ல. அதுக்கு என்ன அர்த்தம்?

டாக்டர்: ...உடம்புல ரத்தம் ஓடறது நின்ன பிறகு வெட்டியிருக்குன்னு அர்த்தம்.

மனைவி: ஓ.

கணவன்: இங்க பாரு...

மனைவி: பார்க்கறேன். சொல்லுங்க.

கணவன்: டாக்டர், நீங்க கொஞ்சம் வெளியில...

மனைவி: அவங்க இருக்கட்டும். இது அவங்க ரூம்.

கணவன்: ...தோள்ல உக்காந்துதான் வந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் கிளம்பின பிறகு காபி வாங்கப் போனேன். மத்த ஞாயித்துக்கிழமையெல்லாம் நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே போயிடுவோம், நானும் அதும். ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட நகந்தது கிடையாது. எல்லாரும் ஆச்சரியமா பார்ப்பாங்க. "கட்டிப்போடாம எப்படி சார்?"ன்னு கேப்பாங்க...

மனைவி: நீங்க என்ன சொல்வீங்க?

கணவன்: ...பாசம்னு சொல்வேன்.

டாக்டர்: எல்லாரும் அதான் சார் சொல்றாங்க. பாசம் உண்மைதான். பயம் வந்துட்டா அதுக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது. இறக்கைதான் முடிவு பண்ணும்.

கணவன்: லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். அவ்வளவுதான். சர்ருனு மேல போய், ரோட்டோரக் கட்டடத்துல நாலாவது மாடி விளிம்புல உக்காந்துச்சு. என்னையே பார்க்குது. "வாடா, வாடா"ங்கறேன். கத்துது... இறங்க மாட்டேங்குது.

டாக்டர்: அதுக்கு இறங்கத் தெரியாது சார். கூண்டுலேர்ந்து தோளு, தோள்லேர்ந்து நாற்காலி... உசரத்துலேர்ந்து செங்குத்தா இறங்கறதைக் கத்துக்க அதுக்கு எங்க வாய்ப்பு? வரணும்னுதான் கத்தியிருக்கும்.

கணவன்: வந்துச்சு டாக்டர். என்னைப் பார்த்துத்தான் பாய்ஞ்சுச்சு. திரும்பத் தெரியாம என் பின்னாடி இருந்த வங்கிக் கண்ணாடியில மோதி...

மனைவி: கிளி உடம்புல மாட்டற வார் வாங்கிக் குடுத்தேனே. எங்க அது?

கணவன்: அலமாரியில.

மனைவி: விலைச்சீட்டுகூடப் பிய்க்காம. "இதென்ன நாய்க்குட்டியா?"ன்னு சிரிச்சீங்க. செத்த பிறகு உக்காந்து இறகு வெட்டியிருக்கீங்க... எங்க, சமையலறையிலயா?

கணவன்: குளியலறையில. போன மாசமே வெட்டிட்டேன்னு உங்கிட்ட பொய் சொல்லியிருந்தேன். அதான்... சரி, தப்புதான். எல்லாம் தப்பு. ஆனா கதவு திறந்து கிடந்துச்சுன்னு சொன்னது யாரையும் மாட்டிவிட இல்ல. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். அவ சின்னவ, நாலு நாள்ல மறந்துடுவான்னு...

டாக்டர்: சார், குழந்தைகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க. நீங்களே.

கணவன்: சொல்றேன். வாசல்ல நுழைஞ்சதும் சொல்லிடறேன். ஒருவேளை கதவு நிஜமாவே திறந்து இருந்திருக்கலாம் இல்லையா... நான் அந்தப் பக்கம் போகவே இல்ல...

மனைவி: மூடித்தான் இருந்துச்சு. பெயிண்ட் அடிக்க வெளியில சாரம் கட்டியிருக்காங்கன்னு, கிளம்பறப்ப பூட்டினது நான். சாவி அன்னிக்கு முழுக்க என் கையிலதான்.

கணவன்: ...அப்ப ஞாயித்துக்கிழமையே உனக்குத் தெரியும்.

மனைவி: நீங்க வாயைத் திறந்தப்பவே தெரியும்.

கணவன்: தெரிஞ்சுமா... ரெண்டு நாளா அவ அழுதுட்டுக் கிடந்தாளே, பக்கத்துலதானே உக்காந்திருந்தே? "பூட்டினது நான்தான்டி"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?

மனைவி: சொல்லியிருக்கலாம். அவ அழறதைப் பார்த்தா நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்... அதுக்காக அவளை அழ விட்டேன்.